கிழவியின் கால்கள்

விட்ஸ்கே பாலத்தைத் தூக்கினால் படகு போய்விடும். ஆனால் பாலம் உடனே இறங்கும் என்று யாரும் நம்பக் கூடாது. கைப்பிடிக் கம்பியில் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்து சிறகை உலர்த்திக்கொண்டிருந்தால், அது கிளம்பும்வரை இந்தக் கரையில் டிராக்டரும் அந்தக் கரையில் ரொட்டி வண்டியும் நிற்க வேண்டியதுதான். ஒருமுறை கல்யாணக் கார் மாட்டிக்கொண்டது. மணப்பெண் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்து, "என்னம்மா, பாலம் கெட்டுப்போச்சா?" என்றாள். விட்ஸ்கே கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கொஞ்சம் இரும்மா, இதோ கிளம்பப் போகுது" என்றாள். அந்தப் படத்தில் மணப்பெண்ணின் முறைப்பு இமை மயிர் வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தது. நீர்க்காகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி பூசின மாதிரி ஒரு தீற்றல். மணப்பெண் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நான் பௌக்யே. ஃப்ரீஸ்லாந்தில் இந்த வாய்க்கால் கரையில் மாடு கறந்து பிழைக்கிற குடும்பம். என் வீட்டுக்காரர் ஹெஸல். விட்ஸ்கேயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் வாயை அடக்க நானும், என் கோபத்தை அடக்க அவளும் அன்றிலிருந்து பாடுபட்டு, இரண்டு பேரும் தோற்றுப்போனோம். வசந்தம் வந்து படகுகள் ஓட ஆரம்பித்தால் அவள் பாலத்துக் கூண்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். தூண்டில் கம்பின் நுனியில் ஒரு மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டு, போகிற படகுக்காரர்களிடம் பாலக்காசு வாங்குவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "வந்தவனெல்லாம் உக்காந்தே இருந்தான், ஒருத்தனும் எழுந்து பறக்கலை" என்பாள்.

உண்மையிலேயே அவளுக்கு உட்கார்ந்திருக்கிறது எதுவும் பிடிக்காது. கிளையில் சமர்த்தாக உட்கார்ந்து போஸ் கொடுக்கும் பறவையைக் காட்டினால், "அது பாஸ்போர்ட் போட்டோடி" என்று முகத்தைச் சுளிப்பாள். பறவை தரையை விட்டுக் கிளம்புகிற அந்த நொடிதான் அவளுக்கு வேண்டும். காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, ஒரு துள்ளு, அப்புறம் சிறகு. இது முழுவதும் ஒரு தும்மலுக்குள் முடிந்துவிடும். எப்போது கிளம்பும் என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி உண்டு. அதை அவள் ஊர் மன்றத்தில், போட்டோ கிளப் கூட்டத்தில், பாதிரியாரின் மனைவி எதிரிலேயே சொன்னாள்.

"தலையைப் பார்த்துக்கிட்டு இருந்தா ஏமாந்துடுவீங்க. பின்னாடி பாருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வயித்தைக் காலி பண்ணும். வெள்ளையா ஒழுகுச்சுன்னா விரலை ரெடியா வச்சுக்கணும்."

பாதிரியாரின் மனைவி கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

எப்போது என்று தெரிந்தது. எப்படி என்பதுதான் அவளுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. எங்கள் ஊர் வானம் பாதி வருஷம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். வெளிச்சம் போதாது. வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்து கிடக்க வேண்டும். திறந்து கிடக்கிற நேரத்தில் பறவை ஓரிடத்திலா இருக்கும்? வாத்து, நாரை, அன்னம் எல்லாமே அவள் படத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி வரும். கேமராவும் பழசு. இருட்டில் அதிகம் வேலை வாங்கினால் படம் முழுக்க மணல் கொட்டினாற்போல் ஆகிவிடும். பாவம், கிளப்பில் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்து விழுவாள்.

கிளப்புக்குத் தலைவர் துர்க். குளியலறை ஓடு விற்கிறவர். பளபளவென்று இல்லாத எதையும் அவரால் தாங்க முடியாது. யார் படம் திரையில் வந்தாலும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பறவையின் கண்ணில் வைப்பார். "கண்ணு. கண்ணு கூர்மையா இருக்கா? இருந்தா படம். இல்லைன்னா குப்பை." இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள் கனவில்கூடக் கண்ணைத்தான் குறிபார்ப்பார்கள். விட்ஸ்கேயும் பிடிவாதமாகப் பழகினாள். பறவையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு, அது கிளம்பும் வேகத்துக்குத் தானும் இடுப்பைத் திருப்புவாள். கேமரா பறவையோடு சேர்ந்தே போகும். அப்போது தலை அசையாமல் நிற்கும், சிறகு மட்டும் காற்று மாதிரி கலைந்திருக்கும். பழகுவதற்கு எங்கள் கோழிகள்தான் கிடைத்தன. அந்த மாதம் கோழிகள் முட்டை போடுவதையே நிறுத்திவிட்டன. போன குளிர்காலத்தில் ஒரு அன்னத்தை அவள் அப்படிப் பிடித்தபோது, துர்க் முதல்முறையாகக் குச்சியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவள் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

இனி கிழவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் புல்வெளி ஒன்று உண்டு. பின்வயல் என்போம். மார்ச்சு வந்தால் அங்கே கருவால் மூக்கன் என்கிற பறவைகள் இறங்கும். செங்கல் நிறக் கழுத்து, உடம்புக்குப் பொருந்தாத நீள மூக்கு, அதைவிடப் பொருந்தாத நீளக் கால். ஆப்பிரிக்காவில் குளிரைக் கழித்துவிட்டு, ஊரையே எழுப்புகிற மாதிரி கத்திக்கொண்டு வரும். அதில் ஒருத்திக்குப் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் காலில் வண்ண வளையம் மாட்டியிருந்தார்கள். இடக்காலில் சிவப்பும் மஞ்சளும். வலக்காலில் நீலமும் ஒரு சின்னப் பச்சைக் கொடியும். அவள் முதல்முறை வந்த வசந்தத்தில் ஹெஸல் முதுகெலும்பு வட்டு நழுவிப் படுக்கையில் கிடந்தார். இனி மாடு கறக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வேலிக்கம்பத்தின் உச்சியில் இந்தப் பறவை காலைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கும். நாள் முழுக்க இவர் அவளைப் பார்ப்பார், அவள் இவரைப் பார்ப்பாள். எனக்குக்கூடப் பொறாமையாக இருந்தது. ஒருநாள் என்னையும் விட்ஸ்கேயையும் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் எழுந்து நடந்தேன்னா, அவ வர்ற வருஷமெல்லாம் அவ குஞ்சு பறக்கிற வரைக்கும் பின்வயல்ல அறுப்புக் கத்தி வைக்க மாட்டேன்."

எழுந்து நடந்தார். அவளும் வருஷா வருஷம் வந்தாள். கிழவி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவள் கம்பத்தில் வந்து நின்று வளையத்தைக் காட்டியதும், "கிழவி வந்துட்டா" என்று சொல்லி பின்வயல் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார். என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லை அளந்து காப்பாற்றுகிற மனிதர். ஒரு விரற்கடை குறையவும் குறையாது, கூடவும் கூடாது.

இந்த வசந்தத்தில் எல்லாம் கோணலாகிப்போனது. போன வருஷ இலையுதிர்காலத்தில் இவர் பழைய மரக்கம்பங்களைப் பிடுங்கிவிட்டு, மின்வேலிக்கு மெல்லிசான பிளாஸ்டிக் குச்சிகளை நட்டிருந்தார். அதில் சிட்டுக்குருவி உட்கார்ந்தாலே வளையும். பறவைகள் வந்தன, பின்வயலில் கூடும் கட்டின. ஆனால் கம்பம் இல்லாததால் யாரும் ஏறி நின்று காலைக் காட்டவில்லை. புல்லோ முழங்கால் உயரம். பறக்கும்போது காலைப் பின்னால் நீட்டி வாலோடு ஒட்டிக்கொள்ளும். வந்திருப்பது கிழவியா, வேறு யாரோ ஒருத்தியா என்று சொல்ல வழியில்லை. போதாக்குறைக்கு விடாத மழை. குளிர்காலத்துக்குச் சேர்த்த தீவனம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காபி நேரத்தில் ஹெஸல் பிஸ்கட் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை சீட்ஸே அறுப்பு மெஷினோட வர்றான். பின்வயலையும் சேர்த்துத்தான்."

விட்ஸ்கே கோப்பையை வைத்துவிட்டாள். "அங்க கூடு இருக்கு ஹெஸல். நானே பார்த்து அடையாளக் குச்சி நட்டிருக்கேன். முட்டை பொரிய இன்னும் நாளாகும்."

"யார் கூடு?"

"யார்னா? பறவையோட கூடு."

"கிழவி கூடான்னு கேக்கறேன். அவ இந்த வருஷம் முகத்தைக் காட்டலை."

"முகத்தை எங்கப்பா காட்டுவா, நீதான் அவ நிக்கிற கம்பத்தைப் பிடுங்கிட்டியே."

"மாட்டுக்குத் தின்ன வேணும் விட்ஸ்கே. நான் வாக்குக் குடுத்தது கிழவிக்கு. ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற எல்லாருக்கும் இல்லை. கூட்டைச் சுத்தி ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்லை விட்டுடறேன், போதுமா?"

"மொட்டை வயல் நடுவுல ஒரு கொத்து புல்லா? அது காக்காய்க்குப் பந்தி வைக்கிற மாதிரி. சாயங்காலத்துக்குள்ள முட்டை போயிடும்."

ஹெஸல் கொஞ்ச நேரம் மேஜைவிரிப்பைத் தடவினார். "வளையத்தைக் காட்டு. சீட்ஸேயைத் திருப்பி அனுப்பிடறேன். காட்டலைன்னா அறுப்பு."

இவரோடு பேசுவதும் எருமைத் தோலைத் தட்டுவதும் ஒன்று என்று எனக்குத் தெரியும். விட்ஸ்கே கேமராப் பையை எடுத்தாள். கிட்டப் போய் ஒரு தடவை விரட்டிவிட்டால் வளையம் தெரிந்துவிடுமே என்று நான் யோசனை சொன்னேன். "இந்த மழையில எழுப்பிவிட்டா முட்டை குளிர்ந்துடும். அவளா எழுந்திருக்கணும்" என்றாள். மூக்கன்கள் ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி அடைகாக்கும். அடை மாற்ற ஆண் வந்ததும் பெண் எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து, புல் குட்டையாக இருக்கும் ஓரத்துக்கு வந்ததுமே கிளம்பும். கால் முழுசாகத் தெரிவது அந்தத் துள்ளலில் மட்டும்தான், வெறுங்கண்ணுக்கு அது அகப்படாது.

ஒளிந்து உட்கார, கன்றுக்குட்டிகளை அடைக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் குடில் ஒன்றை ஹெஸலே டிராக்டரில் இழுத்துப்போய் வரப்பில் போட்டுக் கொடுத்தார். அந்த நியாயம் அவரிடம் உண்டு. பாலத்துக்குப் போக வேண்டிய நேரம் தவிர, மிச்ச நேரமெல்லாம் விட்ஸ்கே அதற்குள்தான் இருந்தாள். நான் வரப்போரமாகவே குனிந்து போய் சர்க்கரை ரொட்டியும் ஃபிளாஸ்கும் கொடுத்துவிட்டு வருவேன். வாசல் வழியே பார்த்தால் சாணி நாற்றத்துக்கு நடுவில் இரண்டு கண்ணும் ஒரு லென்ஸும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை படங்களை எங்கள் சமையலறைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். நானே அசந்துவிட்டேன். பெண் பறவைதான், கழுத்துச் சிவப்பு வெளுத்திருந்தது, மூக்கு நீளமாக இருந்தது. கிளம்புகிற வேகத்தில் கண் மட்டும் கருப்பு மணி மாதிரி நின்றது. இமை விளிம்பு தெரிந்தது. கீழே கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் மாதிரி நாலைந்து கோடுகள். அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் அதே கண், அதே வைக்கோல்.

ஹெஸல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வளையத்தைக் கண்ணுலயா மாட்டியிருக்காங்க?"

விட்ஸ்கேக்கு அழுகை வந்துவிட்டது. "வேணும்னே பண்றேன்னா நினைக்கிற? காலைப் பார்க்கணும்னுதான் உக்கார்றேன். அவ துள்ளினதும் கை தானா கண்ணுக்குப் போயிடுது. அந்த துர்க்கோட குச்சி என் மண்டைக்குள்ள இருக்கு."

அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போனதும் நான் அவள் கையைப் பிடித்தேன். "வளையத்தைப் பார்த்தேன்னு சொல்லித் தொலையேண்டி. நீ சொன்னா அந்த மனுஷன் நம்பிடுவார்."

"நம்பிடுவார்டி. அதனாலதான் சொல்ல முடியாது" என்றாள்.

புதன்கிழமை துர்க்கே வந்தார், விஷயம் கேள்விப்பட்டு, உதவி செய்ய. கைக்குழந்தையைச் சுமப்பதுபோல ஒரு லென்ஸைச் சுமந்து வந்தார். புதுக் கேமரா, அதற்கு இருட்டும் பகலும் ஒன்றுதான். "அதை எனக்கு ஒரு நாள் குடுங்களேன்" என்று விட்ஸ்கே கேட்டதற்கு, "பல் விளக்குற பிரஷ்ஷையும் லென்ஸையும் நான் கடன் குடுக்கறதில்லை" என்றார். சரி, அவரே எடுக்கட்டும் என்று இரண்டு பேரும் கன்றுக்குட்டிக் குடிலுக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மத்தியானம் துர்க் வெளியே வந்தபோது முழங்கால் வரை சாணி, முகத்தில் சூரியன். "எடுத்துட்டேன். என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு படம் எடுத்ததில்லை பௌக்யே."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூக்கனின் தலை. கண்ணுக்குள் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. மூக்கு நுனியில் ஒரு மழைத்துளி. கழுத்துக்குக் கீழே படமே இல்லை.

"கால் எங்க?" என்றேன்.

"காலா?" என்றார் துர்க். நிஜமாகவே அவருக்கு மறந்துபோயிருந்தது. மறுநாள் குளியலறை ஓட்டுக் கண்காட்சிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். விட்ஸ்கே அவரை வாய்க்காலில் தள்ளாமல் விட்டதற்கு நான்தான் காரணம், அவள் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்திருந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் அவளுக்குப் பாலத்தில் வேலை. மனசு கேட்காமல் கிராம்பு போட்ட பாலாடைக்கட்டி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். ஒரு பாய்மரப் படகு வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். பாலம் எழும்ப ஆரம்பித்தது. பாதி எழும்பியதும் கையை எடுத்துவிட்டாள். பாலம் அந்தரத்தில் நின்றது. படகுக்காரர் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு திட்டினார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன.

"பௌக்யே, இங்க வா. இதுல எது அசையலை?"

"எல்லாம்தான் அசைஞ்சுது, உன் மூளை உட்பட. படகை விடுடி."

"நுனி எவ்வளவு வேகமா மேல போச்சு பார். இந்தக் கீலைப் பார்."

பார்த்தேன். தூக்கிய பலகையின் நுனி வானத்தில் இருந்தது. அடியில் கீல் இருக்கிற இடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பறவைக்குக் கால்தான்டி கீல்" என்றாள் விட்ஸ்கே. "துள்ளும்போது உடம்பு மேல போகுது, தலை மேல போகுது. பாதம் தரையை மிதிச்சுக்கிட்டு நிக்குது. கடைசியா கிளம்பறது அதுதான். நான் தலையோட சேர்ந்து கேமராவைத் திருப்பினா கால் கலங்கத்தானே செய்யும்? நான் அசையவே கூடாது. அவ போகட்டும், நான் போகக் கூடாது."

"அப்ப கண்ணு?"

"கண்ணு நாசமாப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை கறவை முடிந்ததுமே விட்ஸ்கே வந்து குடிலுக்குள் நுழைந்துவிட்டாள். தூறல். கன்றுத் தீவன மூட்டையின் மேல் கேமராவை அழுத்தி வைத்து, புல் குட்டையாக இருக்கிற அந்த ஓரத்தைக் குறிபார்த்து, தன் கழுத்துத் துண்டால் லென்ஸை மூட்டையோடு கட்டிவிட்டாள். அவள் கையையே அவள் நம்பவில்லை.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சீட்ஸே வந்துவிட்டான். அறுப்புக் கத்திகளை இரண்டு பக்கமும் மடக்கிவைத்துக்கொண்டு அவன் டிராக்டர் எங்கள் சந்தில் திரும்பியதும் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"காபி குடிச்சுட்டுப் போ சீட்ஸே."

"மழை வலுக்கறதுக்குள்ள முடிக்கணும் அக்கா."

"என் வீட்டு வாசல்ல வந்துட்டு காபி குடிக்காமப் போறவனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை."

எங்கள் ஊரில் முதல் கோப்பைக்கு மறுப்புச் சொன்னால் சண்டை போட வந்ததாக அர்த்தம். இறங்கி வந்தான். முதல் கோப்பைக்கு கேக் உண்டு. கேக்கை அவன் கண்ணெதிரில்தான் வெட்டினேன், என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எதையும் வெட்டியதில்லை. இரண்டாவது கோப்பைக்கு பிஸ்கட். அப்புறம் அவன் அம்மாவின் கால்வலியை விசாரித்தேன். அவன் மாமியாரை விசாரித்தேன். ஹெஸல் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கோப்பை என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையாது; நான் ஊற்றினேன். சீட்ஸே ஹெஸலைப் பார்த்தான், ஹெஸல் கூரையைப் பார்த்தார்.

அப்போது பின்வயல் பக்கமிருந்து மூக்கனின் கத்தல் கேட்டது. அடை மாற்ற ஆண் வந்து இறங்குகிறது. நான் ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் வெள்ளைக் குடிலும் அதற்கு அந்தப் பக்கம் அசைகிற புல்லும்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு புல்லோரத்திலிருந்து ஒன்று குபீரென்று மேலே எழுந்து, வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டது. குடிலுக்குள்ளிருந்து விட்ஸ்கே முழங்காலில் தவழ்ந்து வெளியே வந்தாள்.

நடந்து வந்தாள். ஓடி வரவில்லை. அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வாசலில் அவளை மறித்து, கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தேன்.

பறவையே இல்லை என்று சொல்லலாம். மேலே செங்கல் நிறமும் சாம்பல் நிறமும் குழைத்து ஈரக்கையால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு புகை. தலை எது, சிறகு எது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கீழே இரண்டு கால்கள். அப்படி ஒரு தெளிவு. நீளமாக, விரைத்து, தரையை உந்திக்கொண்டு நின்றன. தொடையிலிருந்து விரல் நகம் வரை, நகத்தடியில் ஒட்டியிருந்த சேறு வரை தெரிந்தது.

வளையம் இல்லை. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, நீலம் இல்லை, கொடி இல்லை. வெறும் கால்.

"அழிச்சுடு" என்றேன் காதோடு. "கிடைக்கலைன்னு சொல்லு. இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கறேன்."

விட்ஸ்கே தலையாட்டினாள். கண் நிறையத் தண்ணீர். "நான் எடுத்ததிலேயே கூர்மையான படம்டி இது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் கேமராவை ஹெஸலின் முன்னால் மேஜையில் வைத்தாள்.

ஹெஸல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பார்த்தார். பொத்தானை அழுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார். இடக்காலைப் பார்த்தார். வலக்காலைப் பார்த்தார். ஆராய்ச்சிக்காரர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்.

"என்னண்ணே, ஆரம்பிக்கவா?" என்றான் சீட்ஸே.

ஹெஸல் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். துடைத்தவர் அதைத் திரும்ப மாட்டவில்லை. மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெறுங்கண்ணோடு கேமராவைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்பது நானா பசுவா என்றுகூடத் தெரியாது.

"மங்கலா இருக்கே" என்றார்.

விட்ஸ்கேக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மங்கலா? ஹெஸல், நகத்து அழுக்கு வரைக்கும்..."

நான் அவள் காலை மிதித்தேன். மரச்செருப்போடு மிதித்தேன்.

"மங்கலாத்தான் இருக்கு. ஆனா இங்க சிவப்பா ஒன்னு தெரியுது. கீழ மஞ்சள். இந்தப் பக்கம் நீலம்." ஒரு மூச்சு விட்டார். "கொடியும் இருக்கு. கிழவிதான். வந்துட்டா."

சீட்ஸே எட்டிப் பார்க்க வந்தான். நான் மிச்சமிருந்த கேக்கைத் தட்டோடு அவன் கையில் திணித்தேன். "பின்வயல் கிடையாது" என்றார் ஹெஸல். "முன்வயலை மட்டும் அறு. பத்தலைன்னா வெளியில தீவனம் வாங்கிக்கறேன்." எழுந்து போய்ச் சங்கிலியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். பின்வயல் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. விட்ஸ்கே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். எனக்கும் அதேதான்.

சாயங்காலம் கறவையின்போது கேட்டேன். "நிஜமாவே உனக்குத் தெரியலையா ஹெஸல்?"

அடுத்த பசுவுக்குப் பால் குழாயை மாட்டினார். "அவ இனிமே வர மாட்டா பௌக்யே" என்றார். "வந்திருக்கிறவ என்னை நம்பித்தான் அங்க உக்காந்திருக்கா. காலையில விட்ஸ்கே அந்த வெறுங்கால் படத்தை மறைக்காம எம் முன்னாடி கொண்டுவந்து வச்சா பாரு, அப்புறம் நான் எப்படி அறுக்கச் சொல்றது?" பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அந்தக் கன்றுக் குடிலைக் கழுவித் தரச் சொல்லு அவளை. துர்க்கோட வாசனைத் திரவியம் அடிக்குது, கன்னுக்குட்டி உள்ள போக மாட்டேங்குது" என்றார்.

ஜூனில் குஞ்சுகள் நீளக் காலை வைத்துக்கொண்டு பின்வயல் முழுக்க தடுக்கி விழுந்துகொண்டிருந்தன. இலையுதிர்காலத்தில் ஹெஸல் யாரும் சொல்லாமலே இரண்டு மரக்கம்பங்களைப் பழைய இடத்தில் நட்டார். விட்ஸ்கே அந்தப் படத்தைக் கிளப்புக்குக் கொண்டுபோனாள். துர்க் குச்சியை எடுத்துக்கொண்டு திரை முழுக்கக் கண்ணைத் தேடிவிட்டு, "இதுல பறவை எங்கம்மா?" என்றாராம். "கிளம்பிப் போயிடுச்சு" என்றாளாம் இவள்.

இப்போது அது எங்கள் சமையலறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஏதாவது கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டால் ஹெஸல் முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். அப்புறம் படத்துக்கு எதிரில் போய் நின்று, வளையங்களின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொல்வார்.